எழுபது வளைவும் ஒரு லிட்டர் பெட்ரோலும்

பழைய காருக்கு மைலேஜ் கூட்ட வேண்டும் என்றதும் எதை வாங்கிப் பூட்டலாம் என்றுதான் மனம் ஓடுகிறது. மலையடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்குப் போகும் மாருதி 800இலிருந்தோ அம்பாசிடரிலிருந்தோ எதைக் கழற்றலாம் என்று யோசிப்பதே பொருத்தம். ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள வண்டியை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 98 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 320 லட்சம் ஜூல் இருந்தாலும் பழைய எஞ்சின் அதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். 100 கிலோ குறைத்தால் ஒரு ஏற்றத்துக்கு 120 மில்லி மிச்சம். இது அற்பம் என்று தோன்றலாம். தினமும் மலையேறும் வண்டிக்கு வருடத்தில் முப்பது லிட்டரைத் தாண்டும். பலாவும் வாழைத்தாரும் மிளகு மூட்டையும் ஏற்றத்தானே வண்டி என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். அந்தச் சுமையை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. வெறுமனே கிடக்கும் கூரைக் கேரியர், டிக்கியில் சேர்ந்துபோன பழைய இரும்பு, முன்னால் பூட்டிய புல் பார் ஆகியவை போகட்டும். புல் பாரை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடைசெய்துவிட்டது.

நெடுஞ்சாலைக் கார்களுக்குச் சொல்லப்படும் காற்றுத்தடை மாற்றங்கள் இங்கே உதவாது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி கூடுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் தடையில் பத்தில் ஒரு பங்குதான் 25 கிலோமீட்டரில் இருக்கும். வளைவுக்கு வளைவு வேகம் குறையும் பாதையில் அதற்குச் செய்யும் செலவு வீண். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தத்தைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன்: அது ஏமாற்று. விடாமல் உரசும் பிரேக், காற்றுக் குறைந்த டயர், அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைச் சரிசெய்ய ஆகும் பணம் குறைவு, பலன் நிச்சயம்.

கார்புரேட்டர் விஷயம் சற்றுச் சிக்கலானது. மேலே காற்றின் அடர்த்தி சுமார் பத்து சதவீதம் குறைவு. சமவெளிக்கு அமைத்த ஜெட், அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளை, அங்கே தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றும். மலையிலேயே ஓடும் வண்டிக்குச் சிறிய ஜெட் போடலாம் என்பது பழைய மெக்கானிக்குகள் சொல்லும் நல்ல யோசனைதான். ஆனால் இன்று பம்ப்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆக்சிஜனும் அதிலேயே இருக்கிறது. அதனால் கலவை தானாகவே மெலிந்துவிடுகிறது. அதன்மேல் ஜெட்டையும் சுருக்கினால் முழுச் சுமையோடு ஏறும்போது எஞ்சின் சூடேறும். இப்போதைக்கு ஜெட்டைத் தொடாமல் விடுவதும், எத்தனாலுக்கு ஊறிப்போகும் பழைய ரப்பர் குழாய்களை மாற்றுவதுமே நல்லது என்பேன்.

ஏறும்போது செலவழித்ததை இறங்கும்போது நியூட்ரலில் விட்டு மீட்கலாமே என்ற வாதம்தான் எனக்குப் பயம் தருவது. தூக்கிய ஆற்றல் முழுவதும் இறக்கத்தில் வெப்பமாகிறது. அதை மீட்டுச் சேமிக்க மின்சாரக் காரால் ஓரளவு முடியும், பழைய காரால் முடியாது. நியூட்ரலில் விட்டால் அந்த வெப்பம் பெரும்பாலும் பிரேக்கில் இறங்கும். சூடேறிய பிரேக் பிடிக்காது. இரண்டாவது கியரில் இறங்கும் கார்புரேட்டர் வண்டி கொஞ்சம் பெட்ரோல் குடிக்கத்தான் செய்யும், குடிக்கட்டும்.