உட்கார ஓர் இடம்... மேலே எந்தக் கூரை?

தோட்டத்தில் ஒரு பெஞ்ச் போடுவது பெரிய வேலை இல்லை. அதற்கு மேல் என்ன கூரை என்று கேட்டால்தான் வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். தகர ஷீட் போதும் என்பார் ஒருவர். ஓடுதான் அழகு என்பார் இன்னொருவர். இந்தக் கேள்விக்கு ஒரே தோட்டத்துக்குள் பல பதில்களை வைத்திருக்கிறது சீனாவின் சூச்சோ நகரம்.

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரப் பயணம். கால்வாய்களும் கல் பாலங்களும் நிறைந்த ஊர். இங்குள்ள பழைய தோட்டங்களுக்கு 1997-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கிடைத்தது. அவற்றில் பெரியது ஜுவோசெங் யுவான். சுமார் 13 ஏக்கர். அரசுப் பதவி கசந்து ஊர் திரும்பிய வாங் சியன்சென் என்ற அதிகாரி, 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். பதவிக்கு லாயக்கில்லாதவனின் ஆட்சி இதுதான் என்று தன்னையே கிண்டல் செய்து வைத்த பெயர் அது.

உள்ளே குளத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மண்டபங்கள். 'திங்' என்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்குச் சுவர் கிடையாது. நான்கைந்து தூண்கள், ஒரு கூரை, சுற்றிலும் தாழ்வான இருக்கை, அவ்வளவுதான். சீன மொழியில் 'நில், தங்கு' என்பதற்கும் இதே ஒலிதான். நடந்து வருபவரை நிறுத்தி உட்கார வைப்பதே இதன் வேலை.

குளத்தின் நடுவே இருக்கும் மண்டபத்துக்கு ஆறு மூலைக் கூரை. நாலாபக்கமும் தாமரை. எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் காட்சி உண்டு என்பதால், முன்பக்கம் பின்பக்கம் இல்லாத கூரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதன் மூலைகள், பறவை சிறகை உயர்த்தியதுபோல் மேலே வளைந்து நிற்கின்றன. பெய்ஜிங் பக்கம் இந்த வளைவு லேசாகத்தான் இருக்கும். சூச்சோவிலோ, ஜூன் மாதத்தில் தொடங்கும் மழை வாரக்கணக்கில் விடாது. நிமிர்ந்த இறவாணம் தண்ணீரைத் தூணுக்குத் தள்ளி விழச் செய்கிறது. மேகமூட்டமான நாளிலும் உள்ளே வெளிச்சம் வர வழிவிடுகிறது.

மேற்குப் பகுதியில் ஒரு சின்ன மேட்டின் மீது இருப்பது, விவசாயிகள் மழைக்குப் போடும் மூங்கில் தொப்பியைப் போன்ற வட்டக் கூரை. மூலையே இல்லை, அலங்காரமும் குறைவு. மரங்களுக்கு நடுவே அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதில்லை.

அதற்குக் கீழே, தண்ணீர் ஓரமாக இருப்பதுதான் எல்லோரும் போட்டோ எடுக்கும் இடம். கூரை விரித்த விசிறி வடிவம். ஜன்னலும் மேஜையும்கூட விசிறிதான். சரியான இடத்தில் நின்று பார்த்தால், மேலே இருக்கும் தொப்பிக் கூரையும் இதுவும் சேர்ந்து ஒரே பெரிய விசிறியாகத் தெரியும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பகுதியை வாங்கிய சாங் குடும்பத்தின் முன்னோர், விசிறி விற்றுத்தான் தலையெடுத்தார்களாம். அதை மறக்கக் கூடாது என்றே இப்படிக் கட்டினார்கள் என்று சொல்கிறார்கள். மண்டபத்தின் பெயரே ஒரு கேள்வி: 'யாருடன் அமர்வது?'

இன்னொரு முற்றத்தில் 'மழை கேட்கும் கூடம்'. அருகிலேயே வாழையும் மூங்கிலும் நட்டு, பக்கத்தில் சிறு குளம் வெட்டியிருக்கிறார்கள். ஓட்டில் விழும் மழைக்கு ஒரு சத்தம், வாழை இலையில் விழுவதற்கு இன்னொரு சத்தம். நனையாமல் இரண்டையும் கேட்கலாம்.

இடம் குறைவாக இருப்பவர்கள் இதே ஊரின் வாங்ஷி யுவான் தோட்டத்துக்குப் போக வேண்டும். மண்டபத்தைப் பாதியாக வெட்டி மதிலோடு ஒட்டியதுபோல் அங்கே ஓர் 'அரை மண்டபம்'. பின்பக்கத்தை மதில் பார்த்துக்கொள்கிறது. கூரைச் செலவும் பாதி. சூச்சோ கைவினைஞர்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கே போய் இந்த முற்றத்தைப் போல ஒன்றைக் கட்டினார்கள். 1981-ல் அது திறக்கப்பட்டது.

பார்த்துப் பார்த்துக் கட்டிய வாங்கின் தோட்டம் அவர் குடும்பத்திடம் நிலைக்கவில்லை. மகன் அதைச் சூதாட்டத்தில் தோற்றதாகக் கதை. அதன் பிறகு எத்தனையோ கை மாறி, இடிந்து, திரும்பக் கட்டப்பட்டது. உரிமையாளர்கள் போனாலும் உட்கார வருபவர்கள் குறையவில்லை. ஜூலையில் தாமரை பூக்கும்போது கூட்டம் அதிகம் என்பதால், காலையில் திறந்ததுமே போய்விடுவது நல்லது.

திரும்பி வருபவர்கள் வீட்டுத் தோட்டத்துக்கு எடுத்து வரக்கூடியது இந்தக் கூரைகளின் வடிவத்தை அல்ல. அவற்றைத் தேர்ந்தெடுத்த விதத்தை. நாலாபக்கமும் பார்க்க ஏதாவது இருக்கிறதா? மழைச்சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? மாலை வெயில் முகத்தில் விழுமா? அங்கே உட்காரப் போவது தாத்தா ஒருவரா, குடும்பமே சேர்ந்தா? தச்சரைக் கூப்பிடும் முன், அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.