பாதி வேலையை எங்கே வைக்கிறது?

நண்பர்களே, இன்னைக்கு காய்ச்சல், தடுப்பூசி எதுவும் இல்லை. நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லப்போறேன். நடுவுல கொஞ்சம் கம்ப்யூட்டர் வரும். பயப்படாதீங்க, எனக்கே பாதிதான் தெரியும்.

நான் குழந்தைகள் மருத்துவர். பொழுதுபோக்கா பைத்தான் கத்துக்கிட்டு எங்க வார்டுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதி வச்சிருந்தேன். குழந்தையோட எடையைப் போட்டா மருந்து எத்தனை மில்லின்னு காட்டும். நர்ஸ்கள் கையால போடுற கணக்கைச் சரிபார்க்க மட்டும்தான்.

பாராசிட்டமால் சிரப்பை எடுத்துக்குங்க. 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கிற பாட்டிலும் உண்டு, 250 இருக்கிற பாட்டிலும் உண்டு. கிலோவுக்கு 15 மில்லிகிராம்னா 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம். முதல் பாட்டில்ல அது 4.8 மில்லி, இரண்டாவதுல 2.4 மில்லி. (உங்க வீட்டு பாட்டிலை இப்பவே திருப்பிப் பாருங்க. பழைய பாட்டிலுக்கு ஊத்தின அளவையே புதுசுக்கும் ஊத்தினா இரண்டு மடங்கு உள்ளே போயிடலாம். அளவு உங்க டாக்டர் சொல்றதுதான், என் திரெட் இல்லை.)

எங்க வார்டுல அப்போ 125 மட்டும்தான். 250-ம் வரப்போகுதுன்னு தெரிஞ்சு புரோகிராமை மாத்திக்கிட்டு இருந்தேன். பாதி வேலை முடியல, ராத்திரி பத்து மணிக்கு போன்.

"சார், எடை 8.5னு போட்டா வாங்க மாட்டேங்குது."

அஞ்சு நிமிஷத்துல சரிபண்ணிடலாம். ஆனா திருத்தி அனுப்பினா பாதியில நிக்கிற 250 வேலையும் கூடவே போயிடுமே! சாப்ட்வேர்ல இருக்கிற அக்கா பையனைக் கூப்பிட்டேன்.

"மாமா, ஸ்டாஷ் பண்ணுங்க."

புரோகிராம் எழுதுறவங்க ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிச்சு வைக்கிறதுக்கு கிட்னு ஒரு கருவி இருக்கு. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதினது. அதுல கிட் ஸ்டாஷ்னு அடிச்சா, முடியாத மாற்றங்களை ஓரமா எடுத்து வச்சிட்டு, கடைசியா சேமிச்ச நிலைக்குத் திரும்பிடும். அவசர வேலையை முடிச்சிட்டு, ஸ்டாஷ் பாப்னு சொன்னா பழையது திரும்ப வரும். அடிச்சேன், திருத்தினேன், எல்லாத்தையும் சேர்த்து அனுப்பினேன், தூங்கிட்டேன்.

காலையில ரவுண்ட்ஸ் போனா சிஸ்டர் சொல்றாங்க: "சார், 8 கிலோவுக்கு எப்பவும் 4.8 தானே? உங்க கம்ப்யூட்டர் 2.4ங்குது. நான் கையால போட்டுப் பார்த்து 4.8தான் குடுத்தேன்."

எனக்கு வேர்த்துடுச்சு. நடந்தது இதுதான். கிட்டுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச கோப்புகள்ல செஞ்ச மாற்றத்தை மட்டும்தான் ஸ்டாஷ் எடுத்து வைக்கும். புதுசா உருவாக்கி இன்னும் கிட்ல சேர்க்காத கோப்பைத் தொடாது. அதையும் எடுக்கணும்னா தனியா சொல்லணும். நான் 250-க்கு எழுதின பட்டியல் அப்படி ஒரு புதுக் கோப்பு. அது அங்கேயே கிடந்துச்சு. "எல்லாத்தையும் சேர்"னு சொன்னப்ப அதுவும் போயிடுச்சு. என் புரோகிராம் அந்த போல்டர்ல இருக்கிற பட்டியலையெல்லாம் படிக்கும், கடைசியா படிச்சதை நம்பும்.

பாதி டோஸ்னா காய்ச்சல் குறையாது, அவ்வளவுதான்னு மனசைத் தேத்திக்கலாம். தலைகீழா ஆகியிருந்தா? கருவி மேல கோபப்பட முடியல. அனுப்புறதுக்கு முன்னாடி என்னென்ன போகுதுன்னு ஒரு தடவை பார்த்திருந்தா அந்தப் பேர் கண்ல பட்டிருக்கும்.

அதோட முடியல. ஸ்டாஷ்ல வச்சதை மூணு வாரம் மறந்துட்டேன். பட்டியலைத் திறந்தா மூணு மூட்டை, குறிப்பே இல்லை. எது எதுக்குன்னு எப்படித் தெரியும்? வார்டுல லேபிள் ஒட்டாத சிரிஞ்ச் டிரேயில கிடந்தா, உள்ளே என்னன்னு யோசிக்கவே மாட்டோம், தூக்கிப் போட்டுடுவோம். அந்த விதியை எத்தனை ஜூனியருக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்குடுத்திருப்பேன்!

சரியானதைக் கண்டுபிடிச்சு பாப் அடிச்சா மோதல். நான் அன்னைக்கு ராத்திரி திருத்தின அதே வரியை அதுவும் மாத்தியிருந்தது. நல்லவேளை, மோதல் வந்தா கிட் அந்த மூட்டையை அழிக்கிறதில்லை. உட்கார்ந்து வரி வரியா பிரிச்சு எடுத்தேன்.

இப்போ ஸ்டாஷ் பண்ணும்போதே எதுக்குன்னு ஒரு வரி எழுதிடறேன். ஒரு ராத்திரிக்கு மேல அதுல எதையும் விடறதில்லை. ஏன்னா அது என் லேப்டாப்ல மட்டும்தான் இருக்கும், லேப்டாப் போனா அதுவும் போச்சு. நாளாகும்னு தெரிஞ்சா தனி கிளையில சேமிச்சு வெளியே அனுப்பிடறேன்.

250 பாட்டில் வார்டுக்கு வந்துடுச்சு, புரோகிராமும் இரண்டையும் பிரிச்சுக் காட்டுது. அந்த சிஸ்டர் இன்னைக்கும் முதல்ல கையாலதான் கணக்குப் போடுறாங்க, அப்புறம்தான் என் ஸ்கிரீனைப் பார்க்கிறாங்க. நான் ஒண்ணும் சொல்றதில்லை.