கணக்கும் வாய்மையும்

கல்வி பல துறைப்பட்டது. அவற்றுள் இஃது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று பிரித்துப் பேசுதல் அறியாமை. இவ்வுண்மையை நான் நூல்களிலிருந்தே அறிந்திருத்தல் வேண்டும்; ஆனால், என் மாணவன் ஒருவனிடமிருந்துதான் அறிந்தேன். அறிந்த வகையை மறையாது கூறுகின்றேன்.

சிற்றூர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலம் அது. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் வெண்பா யாப்பதில் வல்லவன். தளை தட்டாமல் எழுதுவான். அவன் கல்லூரியில் தமிழிலக்கியம் பயில்வான், எனக்குப் பின் என் இருக்கையில் அமர்வான் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். 1995-ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை அவன் என் வீட்டிற்கு வந்தான். "ஐயா, வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன்; தங்கள் வாழ்த்து வேண்டும்" என்று வணங்கி நின்றான். என் முகம் வாடியது. "கடையில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்கவா கல்லூரிக்குச் செல்கிறாய்?" என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. வாழ்த்துப் பெறாமலே திரும்பிச் சென்றான்.

பின்னர் எங்கள் ஊரில் படிப்பகம் ஒன்று கட்ட முனைந்தோம். ஊரார் என்னைப் பொருளாளனாக அமர்த்தினர். "ஐயா கையில் இருக்கும் பணம் கோயில் உண்டியலில் இருப்பது போல" என்றனர். அச்சொல் எனக்கு இனித்தது. நன்கொடைகளை வாங்கினேன், கொத்தனாருக்கும் தச்சனுக்கும் கூலி கொடுத்தேன், நினைவு வந்தபோது ஏட்டில் எழுதினேன். படிப்பகப் பணத்தைத் தனிப் பையில் வைத்திருந்தேன். ஆயினும், அவசரத்திற்கு அதிலிருந்து எடுப்பதும் பின்பு திரும்ப வைப்பதும் உண்டு. 'நம் நெஞ்சில் களவு இல்லை, பிறகு என்ன?' என்பது என் எண்ணம்.

கட்டடம் முடிந்தது, ஊரார் கணக்குக் கேட்டனர். ஏட்டின்படி 2,150 ரூபாய் எஞ்சியிருத்தல் வேண்டும். பையில் இருந்ததோ 1,310 ரூபாய். 840 ரூபாய் குறைந்தது. கூட்டத்தில் ஒருவரும் என்மீது குற்றம் கூறவில்லை; ஆனால், ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவுமில்லை. அதனினும் கொடிய தண்டனையை நான் அறியேன். ஒரு வாரம் தவணை கேட்டு, தலைகுனிந்து வீடு திரும்பினேன்.

அப்போது அம்மாணவன் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தான். செய்தி கேட்டு, அழையாமலே வந்தான். "சீட்டுகள் எல்லாவற்றையும் கொடுங்கள், ஐயா" என்று வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து புதிதாக ஏடு எழுதினான். மூன்றாம் நாள் காலையில், "ஐயா, 500 ரூபாய் நன்கொடை ஒன்று இருமுறை ஏறியிருக்கிறது. தருவதாகச் சொன்ன நாளிலும் எழுதியிருக்கிறீர்கள். தந்த நாளிலும் எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்பு வண்டிக்குக் கொடுத்த 125 ரூபாய் செலவில் ஏறவில்லை" என்றான். குறை 215 ரூபாயாகச் சுருங்கியது. பின்னர்ச் சற்றுத் தயங்கி, ஒரு சீட்டை என்முன் வைத்தான். "இது தங்கள் வீட்டிற்கு அரிசி வாங்கிய சீட்டு, ஐயா. தொகை 215."

நான் திகைத்தேன். எடுத்த பணத்தைத் திரும்ப வைக்க மறந்திருக்கிறேன்! அப்போது என் நாவினின்றும் வரக்கூடாத சொல் வந்தது. "தம்பி, இதையும் வண்டிக் கூலியோடு சேர்த்து எழுதிவிடலாகாதா?" என்றேன்.

அவன் நிலத்தை நோக்கியவாறே, "ஒரு தொழிலும் அதை நடத்துபவரும் கணக்கில் வெவ்வேறு ஆள் என்பது எங்களுக்கு முதற்பாடம், ஐயா. வாய்மை அதிகாரத்தை எனக்கு நடத்தியவரும் தாங்கள்தாம்" என்றான்.

215 ரூபாயைப் பையில் வைத்தேன். கூட்டத்தில் அரிசிச் சீட்டையும் மறைக்காமல் கணக்கைப் படித்தேன். ஊரார் என் முகத்தைப் பார்த்தனர். அடுத்த ஆண்டிற்கும் என்னையே பொருளாளனாக இருக்குமாறு வேண்டினர். ஏடு எழுதும் முறையை அவனிடம் கற்ற பின்னரே உடன்பட்டேன்.

அவன் கற்பித்தவற்றுள் சில இவை. கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றையும் இரண்டு இடங்களில் எழுத வேண்டும்; ஒரு கணக்கில் பற்று, மற்றொன்றில் வரவு. இருபுறத் தொகையும் ஒத்து வருதல் வேண்டும். ஒத்து வந்தாலும் கணக்கு முற்றும் சரி என்று துணியலாகாது; எழுதாமலே விட்ட செலவை அது காட்டாது. ஆதலால் தணிக்கை வேண்டும். பெட்டி நிறைந்திருப்பது இலாபம் ஆகாது. கடன் வாங்கிய பணமும் பெட்டியை நிறைக்கும். வர இருக்கும் இலாபத்தை வந்ததாக எழுதலாகாது. வரக்கூடிய நட்டத்திற்கோ முன்னரே ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

இவ்விரட்டைப் பதிவு முறையை விளக்கிய நூல் 1494-ஆம் ஆண்டு வெனிசு நகரில் அச்சேறியது. அதனை எழுதியவர் லூக்கா பசியோலி என்னும் துறவி. அந்நகர வணிகர் கையாண்ட முறையையே அவர் நூலாக வகுத்தார். பொருளைத் துறந்தவர் பொருட்கணக்கை எழுதினார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகின்றது.

நெடுங்காலம் தந்தை மகனுக்குக் கடையிலேயே இக்கலையைக் கற்பித்தார். தொழில்கள் பெருகின, பலர் முதலை ஒருவர் ஆளும் நிலை வந்தது. அப்போது பல்கலைக்கழகங்கள் இதனை ஏற்றன. 1881-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தோன்றியது. நம் நாட்டில் 1913-இல் பம்பாயில் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரி தோன்றியது. இன்று நம் மாநிலத்தில் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இப்பாடம் உண்டு. மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் கணக்கியல், வணிகச் சட்டம், வங்கியியல், புள்ளியியல், வருமான வரி, தணிக்கை ஆகியவற்றைப் பயில்கின்றனர். கணிப்பொறி இன்று கூட்டலை நொடியில் முடிக்கின்றது. ஆனால், அரிசிச் சீட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்று முடிவு செய்பவன் மனிதனே.

நாற்பது ஆண்டுகள் திருக்குறளைப் படித்தும் ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. வணிகர்க்குரிய நெறியை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தார். அவ்விடத்தின் பொருத்தத்தை எனக்கு உணர்த்தியது ஓர் அரிசிச் சீட்டு.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை வணிகவியல் பயிலக்கூடும். பிறர் வேறு துறைகளை நாடக்கூடும். எத்துறை புகினும் ஒன்றை மறவாதீர்கள். நேர்மை நெஞ்சில் இருந்தால் மட்டும் போதாது. பிறர் கண்டு தெளியுமாறு ஏட்டிலும் இருத்தல் வேண்டும். அன்று நான் கொடுக்கத் தவறிய வாழ்த்தைப் பின்னர் அம்மாணவனுக்குக் கொடுத்தேன். இன்று உங்களுக்கும் கொடுக்கின்றேன்.