மைக்குக்கும் வாய்க்கும் நடுவே

பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மோதுகிற வழக்கை வானொலி நாடகமாக்கினால், கதையில் வரும் நீதிபதி வாய் திறப்பதற்கு வெகுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அதை எழுதுகிறவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். யாரை மைக்குக்கு அருகில் நிறுத்துவது, யாரைத் தள்ளி நிறுத்துவது, எந்த வசனத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் மௌனம் விடுவது என்பதெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சென்னையில் இத்தகைய நாடகம் ஒன்றின் ஒத்திகையையும் ஒலிப்பதிவையும் கூடவே இருந்து கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது. 1938 ஜூனில் சென்னையிலும் 1939 மே மாதத்தில் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கிய காலத்திலிருந்து இந்தத் தொழில் தமிழில் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. எழுதியவரைப் பற்றிப் பேசுகிறோம், குரல் கொடுத்தவரைக் கொண்டாடுகிறோம். கேட்பவர் யாரை நம்புவார் என்பதைத் தீர்மானிக்கிற அந்த இரண்டடி இடைவெளியைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. கஸ்டடி வழக்கு என்று வரும்போது அதைப் பேசியே ஆக வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினால், அது கேட்பவரின் காதுக்குள் சொல்லப்படும் அந்தரங்கமாகிறது. மூச்சை இழுப்பதும் எச்சில் விழுங்குவதும்கூடக் கேட்கும். அதே ஆள் நாலடி பின்வாங்கி அதே வார்த்தைகளைச் சொன்னால், அறையின் எதிரொலியும் சேர்ந்துகொண்டு அவரை வாதாடுகிறவராக்கிவிடும். நான் கவனித்த ஒத்திகையில், “ராத்திரியெல்லாம் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது நான்தான்” என்ற ஒரே வசனம் தாய்க்கும் தந்தைக்கும் வெவ்வேறு காட்சிகளில் இருந்தது. தாயாக நடித்தவர் மைக்கை ஒட்டி நின்று சொன்னார். தந்தையாக நடித்தவர் கூண்டில் நிற்பதாக வைத்துத் தள்ளி நின்று உரக்கச் சொன்னார். பிரதியில் இருவருக்கும் சமமான நியாயம் இருந்தது. ஸ்பீக்கரில் கேட்டபோது ஒன்று உண்மையாகவும் மற்றது பொய்யாகவும் ஒலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த தயாரிப்பாளருக்கு அது உடனே உறைத்தது. “சார், நீங்களும் கிட்ட வாங்க, குரலைக் கொஞ்சம் இறக்கிக்குங்க” என்று சொல்லி மறுபடி பேசவைத்ததும், அதுவரை இல்லாத ஒரு தகப்பன் அந்த நாடகத்துக்குள் வந்தார். மேடையிலும் திரையிலும் முகம் இருக்கிறது. காது தவறாக எடுத்துக்கொண்டதைக் கண் திருத்திவிடும். வானொலியில் அந்த மேல்முறையீட்டுக்கு இடமில்லை. தாள் சலசலக்கக் கூடாதென்று பிரதியை ஸ்டேப்ளர் போடாமல் தனித்தனித் தாள்களாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற நடிகர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தாளின் ஓசைக்குக் கொடுக்கும் இந்தக் கவனத்தைத் தூரத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நீதிமன்றத்துக்கான ஓசைகளில் பழைய பழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. மரச்சுத்தியை மேசையில் தட்டி “ஆர்டர், ஆர்டர்” என்பார்கள். புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் வாங்குவார்கள். நம் நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தி தட்டுவதில்லை. 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி சாட்சி சொல்பவர் புத்தகத்தைத் தொட வேண்டியதும் இல்லை. ஆனால் தமிழ்க் காது நீதிமன்றத்தைக் கற்றுக்கொண்டது 1952-இல் வந்த ‘பராசக்தி’யிடமிருந்து. அந்தப் படத்தின் நீதிமன்ற வசனம் ஒலிபெருக்கிகள் வழியாகவும் ஊரூராகப் போய்ச் சேர்ந்தது. கூண்டில் நிற்பவர் நீண்டு முழங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அது நமக்குள் நட்டுவிட்டது. அந்த முழக்கத்துக்கு அந்தப் படத்தில் ஒரு நியாயம் உண்டு, அது சமூகத்தையே கூண்டில் ஏற்றியது. பிள்ளை வழக்கில் முழங்குவதற்குக் கூட்டமே கிடையாது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், தரப்பினரில் ஒருவர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. வழக்கறிஞரை வைத்து வாதாடுவதை அங்கே உரிமையாகக் கோர முடியாது. இணக்கத்துக்கு வழியிருந்தால் அதற்கு முதலில் முயல்வது நீதிமன்றத்தின் கடமை. சட்டமே குரலைத் தாழ்த்தச் சொல்லும் இடத்தில் நாடகம் குரலை உயர்த்துகிறது என்றால், அந்த இடத்தை நாடகம் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

“சுத்தி இல்லேன்னா கோர்ட்டுன்னு எப்படிங்க தெரியும்?” என்று கேட்டார் எஃபெக்ட்ஸ் செய்கிறவர். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல அது. கேட்பவர் பாதியில் வந்து சேரலாம், அடுப்பில் வேலையாக இருக்கலாம். இடத்தை ஒரே நொடியில் காட்டுவதற்கு அவருக்கு ஓர் ஓசை வேண்டும். ஆனால் நிஜ நீதிமன்றத்திலேயே அப்படிப்பட்ட ஓசைகள் இருக்கின்றன. வாசலில் நின்று டவாலி பெயரைக் கூப்பிடுவது போதும். அதைவிட விரைவாக நீதிமன்றத்தைக் கண்முன் நிறுத்தும் ஓசை எதுவுமில்லை. கேஸ் கட்டின் நாடாவை அவிழ்ப்பது, வாய்தா தேதி சொல்லப்படுவது, மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே தட்டச்சு விழுவது, வராந்தாவில் காத்திருப்பவர்களின் பேச்சு எல்லாம் பின்னால் வரலாம். பெற்றவர்களின் பெயர்கள் எதிரெதிர்த் தரப்புகளாக உரக்கக் கூப்பிடப்படுவதைக் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டவும் அந்த ஒரு ஓசையே போதும். சுத்திக்கு இவ்வளவு செய்யத் தெரியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இருவரையும் ஒரே தூரத்தில் நிறுத்தினால் அது நியாயமாகிவிடுமா? ஒருவர் கொடுமை செய்பவராக இருந்தால், சம தூரம் என்பது கொடுமைக்குக் கொடுக்கும் சலுகை ஆகாதா? ஆகும். 1951 முதல் பிபிசி நாடு முழுவதற்கும் ஒலிபரப்பிவரும் ‘தி ஆர்ச்சர்ஸ்’ தொடர் இதற்கு நல்ல சான்று. அதில் ஹெலன் என்ற பெண்ணைக் கணவன் ராப் அடக்கி ஒடுக்குவது மாதக்கணக்கில் சிறுகச் சிறுக வளர்ந்தது. பிறர் முன் கனிவாக இருப்பவன், சமையலறையில் தனியாக இருக்கும்போது வேறு குரலில் பேசுவான். 2016 ஏப்ரலில் அவள் அவனைக் கத்தியால் குத்தினாள். செப்டம்பரில் வழக்கமான பதின்மூன்று நிமிடங்களுக்குப் பதிலாக ஒரு மணி நேரம் ஒலிபரப்பான பகுதியில் ஜூரிகள் அவளை விடுவித்தார்கள். குழந்தைகள் யாரிடம் என்ற விசாரணையும் தொடர்ந்து வந்தது. அடக்கி ஆளும் நடத்தையைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு இங்கிலாந்தில் 2015 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. நேயர்கள் திரட்டிய நன்கொடை, பெண்களுக்கு அடைக்கலம் தரும் ஓர் அமைப்புக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சென்றது. அங்கே மைக் பக்கம் சாய்ந்தது சரியே. வேறு யாரும் பார்க்காத கொடுமைக்குக் கேட்பவர் மட்டுமே சாட்சி, அந்தச் சாட்சியத்தை நாடகம் காட்சி காட்சியாகச் சேர்த்துக் கொடுத்திருந்தது. ஆகவே அருகாமையைக் காட்சிகள் சம்பாதித்துத் தர வேண்டும். சென்னையில் நான் பார்த்த பிரதியில் தந்தை எந்தக் கொடுமையும் செய்வதாகக் காட்டப்படவில்லை. ஆண் குரல் கனமானது என்ற ஒரே காரணத்தால் அவர் முதலில் தள்ளி நிறுத்தப்பட்டார். சில நாடகங்களில் வேலைக்குப் போகும் தாய்க்கு இதே கதி நேர்கிறது, அவசர நடையும் செல்போன் மணியும் மட்டுமே அவளுக்குத் தரப்படுகின்றன.

எல்லாவற்றிலும் கடினமான வேலை குழந்தையின் குரல். வானொலியில் அதைப் பெரும்பாலும் வயதுவந்த பெண்களே பேசுகிறார்கள். வியக்கவைக்கும் கைத்திறன் அது. நான் பார்த்தவர் மைக்கைச் சற்று மேலே உயர்த்தச் சொல்லி, தலையை அண்ணாந்து பேசினார். பெரியவர்களை நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையின் தொண்டை அப்படியே வந்தது. ஆனால் பிரதி அவரை அழச்சொன்னது, “ரெண்டு பேரும் வேணும்” என்று கதறச்சொன்னது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதற்காகத்தான் நீதிபதிகள் பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுகிறார்கள். அந்த அறையில் பிள்ளைகள் சுற்றிவளைத்துப் பேசக்கூடும், பள்ளிக்கூடத்தைப் பற்றி, நாய்க்குட்டியைப் பற்றி. கதறல் கேட்பவரின் கண்ணீரைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் அது பெற்றோர் இருவரில் ஒருவருக்குப் போடப்படும் வாக்கு. பிள்ளை தன் மனதைச் சொன்னதாக ஆகாது. குழந்தையை மைக்குக்கு மிக அருகில் நிறுத்தி, மிகக் குறைவாகப் பேசவைப்பதே சரியென்று எனக்குப் படுகிறது.

முடிவில் இடி முழக்கத்தோடு தீர்ப்பு வாசிப்பதையும் விட்டுவிடலாம். 1973-இல் சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன வழக்கொன்றில், பிள்ளையின் நலன் மாறினால் கஸ்டடி உத்தரவையும் மாற்றலாம் என்று தெளிவாகவே சொல்லப்பட்டது. இறுதித் தீர்ப்பே இல்லாத வழக்குக்கு இறுதி இசை எதற்கு? இவையெல்லாம் ஒத்திகையில் மட்டுமே கைகூடும் வேலைகள். ஒரே வசனத்தை மூன்று தூரங்களில் பேசிக் கேட்டுப் பார்க்க நேரம் வேண்டும்; அழைத்த அன்றைக்கு வந்து தாளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகும் தற்காலிகக் கலைஞர்களிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம். குடும்ப நீதிமன்றக் கதையை எடுக்கும் நிலையம், ஒலிப்பதிவுக்கு முன்னால் ஒரு முழுநாள் ஒத்திகையை ஒதுக்கி, அந்த நாளுக்கும் நடிகருக்கும் எஃபெக்ட்ஸ் செய்பவருக்கும் சம்பளம் தர வேண்டும்.