அல்சூர் தெருவில் ஒரு சிறுவனோடு நடந்தபோது

ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். ஐ.நா. சபை 2007 டிசம்பரில் தீர்மானம் போட்டு, 2008 முதல் நடந்துவருகிறது. அன்று கட்டடங்களில் நீல விளக்கு எரிகிறது, மேடைகளில் பேசுகிறார்கள். அதெல்லாம் தெருவரை வந்து சேர்ந்திருக்கிறதா? அதைப் பார்க்கத்தான் பெங்களூரு அல்சூருக்குப் போனேன். அங்கே குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் இருக்கிறது. "எங்களோட நடந்து பாருங்க" என்றார் அவன் அம்மா.

காலை எட்டு மணிக்கு அல்சூர் (ஹலசூரு) மெட்ரோ நிலையத்துக்குக் கீழே சந்தித்தோம். 2011 அக்டோபரில் நகரின் முதல் மெட்ரோ ரயில் ஓடிய தடம் இது. மேலே ரயில் போகிறது. கீழே ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் விடாமல் ஹாரன் அடிக்கின்றன. பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கடந்துபோன ஒருவர், "அடம் பிடிக்கிறான் பாரு" என்று சொல்லிக்கொண்டே போனார். அம்மா பையிலிருந்து காதை மூடும் ஹெட்போனை எடுத்து மாட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்து கையைப் பிடித்துக்கொண்டான். அது அடம் இல்லை. நமக்குப் பழகிப்போன இரைச்சல் அவனுக்கு வலிக்கிறது.

பஜார் தெருப் பக்கம் திரும்பினோம். காபித்தூள் வாசனை, சாணம், ஊதுபத்தி. ஒரு முழம் மல்லி 40 ரூபாய். பூக்காரம்மா அவனை ஏற்கெனவே அறிந்தவர். ஒரு கையில் மல்லியும் ஒரு கையில் ரோஜாவும் வைத்து நீட்டினார். "எது வேணும் கண்ணா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். எனக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றியது. பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் கையை இறக்கவில்லை. கடைசியில் பையன் "மல்லி" என்றான், தெளிவாக.

அடுத்த வாழைப்பழக் கடையில் பழத்தை நீட்டியபோது "பேடா" என்று கன்னடத்தில் மறுத்தான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளை. "தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, குழம்பிடுவான்னு ஒருத்தங்க சொன்னாங்க. ஒரு வருஷம் இவனை இவன் பாட்டிகிட்டகூட பேச விடலை" என்றார் அம்மா. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை நம்ப எனக்கு அன்று அந்த இரண்டு கடைகளே போதுமாக இருந்தன.

அடுத்து சோமேஸ்வரர் கோயிலுக்குள் போனோம். அங்கே 48 தூண் மண்டபம். பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த கல்தூணில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றான். மங்களாரத்தி மணி அடிக்கும் நேரம் அம்மாவுக்கு மனப்பாடம். அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டோம்.

அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தால் அல்சூர் ஏரி, கரைப்பக்கம் 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலை. தண்ணீரில் வெயில் பளபளத்ததும் பையன் கைகளை உதறிக்கொண்டு குதித்தான். அவன் சந்தோஷம் அப்படித்தான் வெளிவரும். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் நின்று பார்த்தார். "ஏம்மா, போன் கொடுத்துக் கொடுத்தே இப்படி ஆக்கிட்டீங்களா?"

அம்மா பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசத்தை விவரித்தது 1943இல். முதல் கைப்பேசி வந்ததோ 1973இல். ஆட்டிசம் மூளை வளர்ச்சியிலேயே அமைந்துவிடும் வேறுபாடு. மரபணுக்களுக்கு இதில் பெரிய பங்கு. தாயின் வளர்ப்பால் வருவதில்லை.

ஏரிக்கரைப் பெஞ்சில் அம்மா ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். 40 கூறுகளைப் பார்த்து மதிப்பெண் போடும் 'இசா' அளவுகோல்படி எடுத்த சான்றிதழ், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீடு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. உதவிக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து இந்திராநகரில் 1982 முதல் இயங்கும் கர்நாடக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடும் வேலை செய்கிறது. மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸும் இதே ஊரில்தான்.

"எல்லா அட்டையும் இருக்குங்க. ஆனா எங்க காம்பவுண்டுல எந்தப் பிள்ளை பிறந்தநாளுக்கும் இவனை யாரும் கூப்பிட்டதில்ல" என்றார்.

சட்டம் தன் பங்குக்குக் கொஞ்சமாவது செய்திருக்கிறது. அக்கம்பக்கம் செய்யவில்லை. அந்தக் காலையில் நான் பார்த்தவர்களில் ஆட்டிசத்தைப் புரிந்து நடந்துகொண்டவர் பூக்காரம்மா ஒருவர்தான். அவர் செய்தது இவ்வளவு: பையனிடமே கேட்டார், ஒரு தடவை கேட்டார், பதில் வரும்வரை காத்திருந்தார். இதற்குப் படிப்போ பணமோ வேண்டாம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அம்மாவுக்கு அறிவுரை சொல்லாதீர்கள். எந்தச் சத்தம் பிடிக்காது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிறந்தநாளில் ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்துவிட்டு அந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.