சைட்டுக்கு டேபிள் சா வாங்குறவங்களுக்கு

வாங்கப் போற எல்லாரும் முதல்ல வாட்ஸைத்தான் கேக்குறாங்க. நான் ஃபென்ஸைத்தான் பார்ப்பேன். பூட்டின பிறகு பிளேடோட முன்பல்லுல, பின்பல்லுல ரெண்டுலயும் டேப் வெச்சு அளந்தா ஒரே அளவு வரணும். பின்பக்கம் ஒரு மில்லி குறைஞ்சாலும் பலகை இறுகி, பின்பல்லுல ஏறி, நம்ம வயித்தைப் பார்த்துப் பாயும். அதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால ரிவிங் நைஃப் நிக்குது. இடைஞ்சல்னு அதைக் கழட்டிப் போடுறதைப் பார்த்தா மனசு பதறுது.

19 மி.மீ. பிளைவுட்டுக்கு 210 மி.மீ. பிளேடு மெஷினே தாராளம். மாடி ஏத்தவும் 20 கிலோ சொச்சம்தான். 75 மி.மீ. தேக்கு நிலைக்கட்டை அறுக்கிறவங்க 254-க்குப் போங்க.

பலகைக்கு அடியில சர்க்குலர் சாவைக் கவிழ்த்து மாட்டி, கார்டு இல்லாம ஓட்டுற தம்பிகளே, தயவுசெஞ்சு அதை இன்னைக்கே கழட்டிடுங்க.