மூணு நூல் பிட்டும் ஒரு பித்தளை புஷ்ஷும்

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுல ஈ.சி.ஆர். வழியா வடக்கே போற ஏதாவது ஒரு பஸ்ல ஏறி, ஜன்னல் சீட்டா பார்த்து உட்காருங்க. கோட்டக்குப்பம் வந்தா தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் தாண்டி பிள்ளைச்சாவடி வந்தா மறுபடியும் புதுச்சேரி. பாஸ்போர்ட் இல்லாமலே பார்டர் தாண்டிட்டு இருப்பீங்க. பிரெஞ்சுக்காரங்க துண்டு துண்டா வெச்சிருந்த ஊரை அப்படியே வாங்கிக்கிட்டதோட பலன் இது!

பிள்ளைச்சாவடியில இறங்கினா இன்ஜினீயரிங் காலேஜ். 1984-ல ஆரம்பிச்சது, 2020-ல புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா மாறிடுச்சு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா காலாப்பட்டு. 1985-ல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, மத்திய சிறைன்னு எல்லாம் ஒரே ரோட்டுல. இடது வலது பார்த்து இறங்கணும், அவ்வளவுதான். கிழக்கே ரெண்டு நிமிஷம் நடந்தா மீனவர் குப்பம், அதுக்குப் பின்னாடி கடல்.

வழக்கமா இங்கே வர்ற நம்ம ஆளுங்க கேம்பஸைப் பார்ப்பாங்க, பீச்சைப் பார்ப்பாங்க, போவாங்க. நான் உங்களைக் கூட்டிட்டுப் போறது ஒரு லேத் பட்டறைக்கு. போர்டு கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு பழைய லேத், மூலையில ஒரு பெஞ்ச் கிரைண்டர், சுவர்ல ஐயனாரும் போன வருஷத்து காலண்டரும். மாஸ்டருக்கு அறுபதைத் தாண்டின வயசு. "பேரெல்லாம் போடாத தம்பி"ன்னு முதல்லயே சொல்லிட்டார். குப்பத்து ஃபைபர் போட் இன்ஜின்களோட ஷாஃப்ட் தேய்ஞ்சாலும், புஷ் போனாலும் இங்கதான் வரும்.

நான் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். மெஷினிங் பேப்பர்ல நல்ல மார்க். ரேக் ஆங்கிள், ரிலீஃப் ஆங்கிள் எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் படம் போட்டு பாகம் குறிப்பேன். அதைச் சொன்னதுதான் தப்பு. மாஸ்டர் டிராயரைத் திறந்து ஒரு சதுரக் குச்சியை எடுத்து என் கையில வெச்சார்.

"மூணு நூல் பிட்டு. சாணை புடிச்சுக் குடு பார்ப்போம்."

பட்டறையில இஞ்ச் கணக்கு இன்னும் சாகலை மக்களே! ஒரு நூல்னா இஞ்சுல எட்டுல ஒரு பங்கு. மூணு நூல்னா மூணு பை எட்டு. கையில இருந்தது ஹைஸ்பீட் ஸ்டீல்.

இந்தக் குச்சிக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. ஒரு காலத்துல லேத் டூல்னா வெறும் கார்பன் ஸ்டீல். நம்ம ஊர் கொல்லுப்பட்டறையில அரிவாளுக்குத் தோய்ச்சல் குடுக்கிற மாதிரியே காய்ச்சி, தண்ணியில முக்கி, கெட்டியாக்கறது. ஆனா வேகமா வெட்டினா சூடாகும், இருநூறு டிகிரியைத் தாண்டினதும் கெட்டித்தன்மை கொஞ்சம் கொஞ்சமா போயிடும். அமெரிக்காவுல பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில டெய்லர், ஒயிட்னு ரெண்டு பேர் டங்ஸ்டன் கலந்த ஸ்டீலை உருகப்போற அளவு சூடாக்கித் தோய்ச்சல் குடுத்துப் பார்த்தாங்க. வந்தது, அறுநூறு டிகிரி சூட்டுலயும் வெட்டுற டூல். 1900 பாரிஸ் கண்காட்சியில அதை ஓட்டிக் காட்டினப்போ, டூல் முனை சிவந்துக்கிட்டே இரும்பை வெட்டி நீல நிறச் சுருளா தள்ளுச்சாம். அப்போ இந்தக் காலாப்பட்டும் அதே பாரிஸ் ஆட்சியில இருந்த ஊர்தான்! நாம பரீட்சையில எழுதுற 'டூல் லைஃப்' சமன்பாட்டுக்குப் பின்னாடி இருக்கறவரும் இதே டெய்லர்தான். பிரபலமான கலவை 18-4-1. அதாவது நூத்துக்கு 18 டங்ஸ்டன், 4 குரோமியம், 1 வனேடியம்.

சரி, கிரைண்டருக்கு வருவோம். போட்ட உடனே கையை நீட்டாதீங்க. மாஸ்டர் கல்லை மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு மரக்கட்டையால லேசா தட்டிப் பார்ப்பார். கணீர்னு கேட்டா நல்ல கல். சொத்துன்னு கேட்டா உள்ளே விரிசல், அந்தக் கல் குப்பைக்கு. டூலைத் தாங்குற ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளிக்கு மேல இருக்கக் கூடாது, இருந்தா பிட்டை உள்ளே இழுத்துக்கும். கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது, சுத்துற கல் கையோட சேர்த்து இழுத்திடும்.

முதல்ல மைல்ட் ஸ்டீல் துண்டு ஒண்ணைக் கல்லுல வெக்கச் சொன்னார். தீபாவளி மத்தாப்பு மாதிரி மஞ்சளா, நீளமா பொறி. அப்புறம் என் பிட்டு. மங்கலா, செங்கல் கலர்ல நாலஞ்சு பொறி, அவ்வளவுதான். "பொறியைப் பார்த்தே இது என்ன இரும்புன்னு சொல்லணும்." டங்ஸ்டன் இருந்தா பொறி அடங்கிடும். லேப்ல எனக்கு இதை யாரும் காட்டினதில்லை.

முன்பக்கம் எட்டு டிகிரி, பக்கவாட்டுல பத்து, மேல பன்னிரண்டு பதினாலு டிகிரி சரிவு, கடைசியா மூக்கைக் கொஞ்சம் உருட்டணும். நோட்டுல சுலபம். கையில? எட்டு டிகிரியை எப்படிப் பிடிக்கிறது? மாஸ்டர் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை ஆங்கிளுக்கு வெட்டி வெச்சிருக்கார். பிட்டை அதுல சாத்தி, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்ப்பார். வெளிச்சம் தெரிஞ்சா தப்பு. அதுதான் அவரோட புரொட்ராக்டர்.

என் முதல் பிட்டு? ஒரே முகத்துல நாலு முகம் தெரிஞ்சது. கை ஆடுற ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆங்கிள்! விரல் சுட்டதும் டம்ளர் தண்ணியில முக்கணும். நான் வீரமா தாங்கிக்கிட்டு ரொம்ப நேரம் அழுத்தி, நுனி நீலமாகி, அதை அப்படியே தண்ணியில போட்டேன். "கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். அந்த நுனியை எடுத்துட்டு மறுபடி ஆரம்பி." மூணு மணி நேரம், நாலு தடவை. அஞ்சாவது தடவைதான் அட்டைக்கு அடியில வெளிச்சம் தெரியலை.

டூலைக் கட்டினதும் அது வேலையோட நடு உயரத்துல இருக்கான்னு பார்க்க இன்னொரு வித்தை. டூல் முனைக்கும் உருளைக்கும் நடுவுல ஸ்டீல் ஸ்கேலை லேசா நெருக்கிப் பிடிங்க. ஸ்கேல் செங்குத்தா நின்னா சரி. தலை நம்ம பக்கம் சாய்ஞ்சா டூல் கீழே இருக்கு, அந்தப் பக்கம் சாய்ஞ்சா மேலே இருக்கு. அப்புறம் ஸ்பீடு. 25 மில்லி கம்பி, நிமிஷத்துக்கு 30 மீட்டர் கட்டிங் ஸ்பீடு. செல்போன்ல தட்டி "382 ஆர்.பி.எம். மாஸ்டர்"னேன். அந்த லேத்துல 382-ன்னு ஒரு ஸ்பீடே கிடையாது. பெல்ட்டை ஒரு படி மாத்திவிட்டு, சத்தத்தைக் கேட்டார். "ம், போதும்."

ஓடுச்சுங்க! நான் தீட்டின டூல்ல இருந்து இரும்பு சுருள் சுருளா வந்துச்சு. வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு ஒரு சுருளை எடுத்துப் பாக்கெட்டுல போட்டேன். (அம்மா துவைக்கும்போது என்ன ஆச்சுன்னு கேட்காதீங்க.)

அந்தத் திமிர்லதான் அடுத்தது நடந்துச்சு. சாயங்காலம் குப்பத்துல இருந்து ஒரு அண்ணன் தேய்ஞ்சுபோன புஷ்ஷோட வந்தார். விடியக்காலை மூணு மணிக்குப் போட் இறங்கணும். மாஸ்டர்கிட்ட பித்தளைக் கம்பி இருந்தது ஒரே ஒரு துண்டுதான், 50 மில்லி. 42-க்கு இறக்கி, உள்ளே துளை போடணும். "மேல ரஃப் கட் மட்டும் நீ எடு"ன்னுட்டு மாஸ்டர் டீ குடிக்கத் திரும்பினார். நான் அதே டூலை வெச்சுத் தொட்டேன்.

டக்!

டூல் பித்தளையைக் கடிச்சு உள்ளே இழுத்துடுச்சு. கம்பி சக்குல கோணிக்கிச்சு. மாஸ்டர் ஒரே எட்டுல வந்து மெயினை அணைச்சார். பளபளன்னு இருந்த பித்தளையில ஒரு பள்ளம். அண்ணன் என்னைப் பார்க்கலை, வாசலைப் பார்த்தார். அது இன்னும் மோசமா இருந்துச்சு.

மேல்பக்கச் சரிவு இரும்புக்கு நல்லது. பித்தளைக்கு ஆகாது, டூல் தானா உள்ளே புதையும். பித்தளைக்கு மேல்பக்கம் தட்டையா இருக்கணும். பித்தளைக்கு ரேக் ஜீரோன்னு டேபிள்ல படிச்சிருக்கேன், ரெண்டு மார்க் கேள்வி. எழுதியும் இருக்கேன்.

மாஸ்டர் திட்டலை. வெர்னியரை எடுத்துப் பள்ளத்தோட ஆழத்தை அளந்தார். ரெண்டு மில்லி. பக்கத்துக்கு நாலு மில்லி எடுக்க வேண்டியிருக்கு. "பொழைச்ச"ன்னார். புஷ்ஷைச் சொன்னாரா என்னையான்னு தெரியலை.

எண்ணெய்க் கல்லை என் கையில குடுத்தார். வெட்டுற விளிம்போட மேல்பக்கம், ஒரு மயிரிழை அகலத்துக்குத் தட்டையாக்கச் சொன்னார். பத்து தேய்ப்பு, அவ்வளவுதான். கம்பியை நேரா கட்டி மறுபடி ஓட்டினப்போ சுருள் வரலை, பொடிப் பொடியா மஞ்சள் தூள் தெறிச்சுது. பித்தளை அப்படித்தான் வரணுமாம்.

இனிமே யார் பிட்டு தீட்டப் போறாங்கன்னு நீங்க கேட்கலாம். பெரிய கம்பெனியில சி.என்.சி.க்கு கார்பைடு இன்செர்ட் வருது. டங்ஸ்டன் கார்பைடு பொடியோட கோபால்ட் கலந்து, அச்சுல அழுத்தி, 1400 டிகிரி பக்கம் சூடாக்கினா கோபால்ட் உருகி எல்லாத்தையும் பிடிச்சுக்கும், துண்டு கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு சுருங்கும். 1920-கள்ல ஜெர்மனியில க்ருப் கம்பெனி 'விடியா'ன்னு பேர் வெச்சு வித்தது. வைரம் மாதிரின்னு அர்த்தம். மழுங்கினா திருப்பி மாட்டு, எல்லா முனையும் போனா தூக்கிப் போடு. மாஸ்டர்கிட்டயும் ரெண்டு இருக்கு. ஆனா புஷ்ஷுக்குள்ளே ஒரு விசித்திரமான காடி போடணும்னா அதுக்கான வடிவத்தை யாரும் பாக்கெட்டுல போட்டு விக்கிறதில்லை. தீட்டித்தான் ஆகணும். கைவேலையை முறையா கத்துக்கணும்னா ஐ.டி.ஐ. இருக்கு. நம்ம மாஹேக்குப் பக்கத்துல தலச்சேரி நெட்டூர்ல சுவிஸ்காரங்க உதவியோட 1959-ல ஆரம்பிச்ச என்.டி.டி.எஃப். இருக்கு. அதுக்கு இப்போ பல ஊர்ல சென்டர். மாஸ்டர் இதுல எதுலயும் படிக்கலை. பதிமூணு வயசுல ஒரு பட்டறையில தூள் கூட்ட ஆரம்பிச்சவர்.

ராத்திரி எட்டரைக்குப் புஷ் ரெடி. கடைசி கட் மாஸ்டரோடது. என்னைத் தொட விடலை, நானும் கேட்கலை. அண்ணன் சூடு ஆறாத புஷ்ஷை வேஷ்டி நுனியால பிடிச்சு, பைனாகுலர் மாதிரி டியூப்லைட்டைப் பார்த்தார். ஷாஃப்ட் துண்டை உள்ளே விட்டார். தட்டாம, தளராம வழுக்கிப் போச்சு.

"இந்தத் தம்பி யாரு மாஸ்டர்?"

"இன்ஜினீயரு"ன்னார் மாஸ்டர், சிரிக்காம. அப்புறம் டிராயரைத் திறந்து இன்னொரு மூணு நூல் பிட்டை எடுத்து என் முன்னாடி வெச்சார். "சனிக்கிழமை வா. இதுக்கு திரெட் டூல் புடிக்கணும். அறுபது டிகிரி."